மூன்று புழுக்களும் ஒரு பொய்யும்

புழு வாங்குவதற்காகச் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலேறியவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தூண்டிலில் மாட்டுகிற புழு அல்ல, வளர்க்கிற புழு. பெட்டியில் மக்கிய மண்ணைப் போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, அது கூடுகட்டி வண்டாகி வெளியே வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். அலுவலகத்தில் விடுப்புக்குக் காரணம் கேட்டபோது ‘சொந்த வேலை’ என்று எழுதிக் கொடுத்தேன். உண்மையை எழுதியிருந்தால் மருத்துவ விடுப்பே கொடுத்திருப்பார்கள்.

என் மகள் இனியாவுக்கு ஒன்பது வயது. அவளுக்கு நினைவு தெரிந்த காலமெல்லாம் ஜப்பானில், நகோயாவில் கழிந்தது. ஐந்து வருடம் எனக்கு அங்கே வேலை. இங்கே பிள்ளைகள் மீன் வளர்ப்பது போல அங்கே பிள்ளைகள் கொம்பு வண்டு வளர்ப்பார்கள். காட்டில் பிடித்ததல்ல, அதற்கென்றே பண்ணையில் முட்டையிட வைத்து வளர்த்த புழுக்களைக் குப்பிகளில் அடைத்துக் கடையில் விற்பார்கள். இனியாவிடம் நான்கு இருந்தன. அவற்றோடு ஜப்பானிய மொழியில் பேசுவாள். அந்தப் பேச்சைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பது அப்போது எனக்குப் பெரிய சுகம்.

போன நவம்பரில் அந்த வீட்டைக் காலி செய்தோம். புழுக்களை அவளுடைய சிநேகிதன் ஹருவின் வீட்டில் ஒப்படைப்பதாக ஏற்பாடு. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. கடைசி நாளில் சாவி ஒப்படைப்பது, குப்பையை வகைவகையாகப் பிரிப்பது, வாசலில் டாக்சிக்காரர் காத்திருப்பது என்று எல்லாம் சேர்ந்து தலை கிறுகிறுத்துவிட்டது. குடியிருப்புக்குப் பின்னால் பூங்காவில் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் குவித்திருந்தார்கள். அதில் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு ஓடிவந்தேன். விமான நிலையத்தில் இனியா கேட்டாள். கொடுத்துவிட்டேன், ஹருவுக்கு ஒரே சந்தோஷம் என்று சொன்னேன்.

ஒரு பொய்யோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்கும் தீனி போட வேண்டியிருந்தது. “ஹருவோட அம்மா மெயில் போட்டாங்களா அப்பா?” என்று மாதம் தவறாமல் கேட்பாள். ஜனவரியில் நன்றாகத் தின்கின்றன என்றேன். மார்ச்சில் கட்டைவிரல் பருமன் ஆகிவிட்டன என்றேன். அவள் அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் படமும் வரைந்தாள். அந்த நோட்டை அவள் நீட்டினால் மேலோட்டமாகப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். புதிதாக இங்கேயே புழு வாங்கிக் கொடுத்துவிட்டால் பழையதை மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். இந்தப் பயணத்தின் உண்மையான நோக்கம் அதுதான்.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் சுசீந்திரத்துக்காரர். விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “எங்க ஊர்ல தென்னையில கொம்பனப் பாத்தா கம்பியால குத்தி எடுத்து நசுக்குவோம். நீரு வெல குடுத்து வாங்கப் போறீரா?” என்றார். ஆனால் ஒரு வாரம் கழித்து அவரே ஒரு தொலைபேசி எண்ணைக் கொண்டுவந்தார். திருவட்டாறு பக்கம் ஜெபமணி என்று ஒருவர், ஆராய்ச்சி செய்கிறவர்களுக்காகக் கொம்பன் வண்டை முட்டையிலிருந்து வளர்த்துக் கொடுக்கிறாராம். சுசீந்திரத்தில் தன் அக்கா வீட்டிலேயே தங்கிக்கொள்ளும்படியும் சொன்னார். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மே மாதக் கடைசியில் அப்பனும் மகளும் கிளம்பினோம்.

ஆரல்வாய்மொழியை ரயில் கடக்கும்போது விடிந்துவிட்டது. இனியா ஜன்னலில் முகத்தைப் பதித்துக் காற்றாலைகளை எண்ண ஆரம்பித்து, எழுபதுக்கு மேல் குழம்பிப்போனாள். எதிரே இருந்த பெண்மணி தோவாளையில் பூ வியாபாரமாம். “பிள்ளைக்குத் தலையில பூவே இல்லியே” என்று அங்கலாய்த்து, பையிலிருந்து ஒரு முழம் பிச்சிப்பூவை எடுத்துக் கேட்காமலே சூட்டிவிட்டார். முன்பின் தெரியாதவர் தலையைத் தொட்டதில் இனியா மரம் போல உட்கார்ந்திருந்தாள். நகோயாவில் ஐந்து வருடத்தில் ரயிலில் ஒருவர் எங்களிடம் மணி கேட்டதுகூட இல்லை.

சுசீந்திரத்தில் சிவகாமி அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வயலையும் தோப்பையும் தனியாகப் பார்த்துக்கொள்கிற மனுஷி, கணவருக்கு வெளியூரில் உத்தியோகம். “வாங்க தம்பி. ஏட்டி, இஞ்ச வா மக்கா, மொகத்தக் கழுவு. ஆப்பம் ஆறிப் போவும்” என்றார். மத்தியானம் சிவப்பரிசிச் சோறும் உள்ளித் தீயல் என்கிற வெங்காயக் குழம்பும். அந்தப் பருத்த அரிசியை இனியா ஒவ்வொன்றாக ஆராய்ந்தாள். பிறகு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சென்னைக்கு வந்த ஆறு மாதத்தில் அவள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்றுதான்.

நாங்கள் வந்த காரணத்தை அக்காவிடம் அவருடைய தம்பி சொல்லவில்லை போலிருக்கிறது. நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. எங்களைப் பின்பக்கம் அழைத்துப்போனார். பத்துப் பன்னிரண்டு தென்னைகள். அதில் மூன்று மொட்டையாக நின்றன. ஒன்று விழுந்து மக்கிக் கிடந்தது.

“இந்தா கெடக்குல்லா, எங்க மாமனாரு வச்ச மரம். கொம்பன் குருத்துல கேறி ஒரே வருசத்துல முடிச்சுப் போட்டான். அதையா தம்பி நீங்க வளக்கப் போறிய?” என்று கேட்டார். இனியா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அக்கா அவளைப் பார்த்தார். “செரி, பிள்ள ஆசப்பட்டுட்டா. கொண்டு வாங்க. பின்கட்டுல வச்சுக்கிடலாம்” என்றார்.

மறுநாள் காலை மேற்கே போகிற பஸ்ஸைப் பிடித்தோம். தக்கலை தாண்டியதும் பேச்சின் ராகமே மாறிவிட்டது. காது பழகும்வரை எல்லோரும் பாடுவது போலவே இருந்தது. இறங்க வேண்டிய இடம் வந்தால் சொல்வதாக நடத்துனர் இரண்டு முறை சத்தியம் செய்திருந்தார். தாண்டி மூன்று நிறுத்தம் போனபிறகு, “அய்யோ, நீங்க எறங்கலியா?” என்று என்னைக் கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தால், மனிதர் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி மறித்து, அதன் நடத்துனரிடம் எங்களை ஒப்படைத்தார். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழுங்கிக்கொண்டேன்.

ஜெபமணி வளைகுடாவில் இருபது வருடம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். “உள்ள கேறி இரிங்க. மோளே, குடிக்க வெள்ளம் வேணுமா?” என்று உபசரித்தார். வீட்டின் பின்னால் ஓலைக் கொட்டகையில் வரிசையாகப் பிளாஸ்டிக் பீப்பாய்கள். ஒவ்வொன்றுக்கும் மூடி, மூடியின் மேல் மீன்வலை, வலையின் மேல் செங்கல். ஒரு வண்டு தப்பினாலும் ஊர்க்காரர்கள் தன்னைத் தென்னையில் கட்டிவிடுவார்கள் என்றார்.

“ஊர்ல உள்ளவன் எல்லாம் எனக்குக் கிறுக்குன்னு சொல்லுதான். கொம்பனக் கொல்லதுக்கு மருந்து கண்டுபிடிக்கணும்னா, அதப் பரிசோதிக்கக் கொம்பன் வேண்டாமா? அத ஒருத்தனும் யோசிக்க மாட்டான்” என்றார். பிறகு ஒரு பீப்பாயைத் திறந்து, கையை விட்டு, ஒரு புழுவை உள்ளங்கையில் ஏந்தி எடுத்தார். பால் நிறம், செம்பழுப்புத் தலை, சுருண்டு படுத்திருந்தது. மருந்துக்குக் கொடுப்பதற்கென்று வளர்த்தாலும் அதை அவர் எடுத்த பக்குவம் வேறாக இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே.

புது ஆள் முன்னால் கூச்சப்பட்டு, இனியா என் காதில் ஜப்பானிய மொழியில் கேள்விகளாகக் கொட்டினாள். நான் தமிழாக்கிச் சொன்னேன். இவை எத்தனையாவது தலைமுறை? மண்ணை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்? ஆணா பெண்ணா என்று இப்போதே தெரியுமா? ஜெபமணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய தொழிலைப் பற்றி யாருமே அப்படிக் கேட்டதில்லையாம். “ஏழாவது தலமுற மோளே. எல்லாம் இஞ்ச பெறந்து இஞ்ச வளந்ததுதான்” என்று அவளிடமே நேராகச் சொன்னார். அவள் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிட்டார். மூன்றைத் தேர்ந்தெடுக்க முக்கால் மணிநேரம் ஆனது. பாதி மண் நிரப்பிய ஒரு பெட்டியில் அவற்றை வைத்தார்.

கொடுக்கும்முன் ஒரு நிபந்தனை போட்டார். வண்டான பிறகு எக்காரணம் கொண்டும் வெளியே விடக்கூடாது. “நாம வளத்தத நாமதான் கடைசி வர பாக்கணும். வேண்டாம்னு தோணுனா எனக்க கிட்ட திருப்பிக் கொண்டு வரணும். எங்கயாவது கொட்டிட்டுப் போயிரப்பிடாது. சம்மதமா?” என்றார். இனியா தலையாட்டினாள். என்னையும் பார்த்தார். நானும் ஆட்டினேன்.

மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் போட்டார்கள். கிளம்பும்போது, “ஒரு வார்த்த ஜெபம் பண்ணிட்டுப் போலாம்” என்று எங்களை நிறுத்தினார். விருந்தினரை ஜெபம் செய்துதான் வழியனுப்புவது அந்த வீட்டு வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு எங்கள் பயணத்துக்காக, மனைவிக்காக, இனியாவின் படிப்புக்காக வேண்டினார். “இந்தச் சின்ன ஜீவன் மூணையும் சேதமில்லாமக் கொண்டு சேரும் ஆண்டவரே” என்று முடித்தார். இனியா சத்தமாக ஆமென் சொன்னாள்.

ஆண்டவர் பாதி வழிதான் கொண்டுவந்தார். பஸ்ஸின் பின்சக்கரம் பஞ்சராகி, வில்லுக்குறிக்குப் பக்கத்தில் எல்லோரும் இறங்கி நின்றோம். பொழுது போகாத கூட்டத்துக்கு எங்கள் பெட்டி கிடைத்தது. தென்னையேறும் தொழிலாளி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு ஓரடி பின்வாங்கினார். “வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்ட கதையால்லா இருக்கு! கோழிக்குப் போடு மோளே, நல்லா முட்டையிடும்” என்றார். கூட்டம் சிரித்தது. இனியா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். “இது எங்க வீட்டுக் குழந்தைங்க” என்றாள், தமிழில். சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனிதர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார்.

சுசீந்திரம் வந்து சேர்ந்ததும் பெட்டியைப் பின்கட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். திரும்பி வந்தபோது, பாதி நிறைந்திருந்த பெட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. பொலபொலவென்று கறுத்த எரு. “அந்த மனுசன் இம்புட்டுப் போலத்தான் மண்ணு போட்டு விட்டிருக்காரு. பிள்ளைங்க பட்டினி கெடக்கக் கூடாதுல்லா” என்றார் அக்கா. தன் தென்னையைத் தின்ற இனத்துக்குத் தன் கையாலேயே சோறு போட்டிருந்தார். இனியா இடுப்பை வளைத்து, ஜப்பானியர்களைப் போல வணங்கி நன்றி சொன்னாள். அக்காவுக்கு வெட்கம் வந்துவிட்டது.

காலையில் இனியாவின் குரல் கேட்டுத்தான் விழித்தேன். பின்கட்டில் பெட்டி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று புழுக்களும் எருவின் மேலே வந்து கிடந்தன. நல்ல நிலையிலிருக்கும் புழு பகலில் மேலே வராது. அது எனக்கே தெரியும். விரலால் தொட்டாள். இரண்டு மெல்ல நெளிந்தன. மூன்றாவது அசையவில்லை.

“ஏன் அப்பா?”

“பஸ்ல குலுங்கியிருக்கும்மா. வெயில் வேற. அலுப்புல இருக்கும்” என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் வாய் தானாகச் சொன்னது. ஆறு மாதப் பழக்கம்.

அதற்குள் அக்கா வந்துவிட்டார். குனிந்து பார்த்தார். ஒரு பிடி எருவை அள்ளி மோந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“குலுக்கமும் இல்ல, வெயிலும் இல்ல. நான்தான் மக்கா செய்துட்டேன்” என்றார். “தென்னைக்கு எரு அள்ளுனா வேப்பம்புண்ணாக்கு ரெண்டு கை போட்டுக் கலக்காம எனக்குக் கை நிக்காது. கொம்பன் அண்டக்கூடாதுன்னுதான் அதப் போடுகது. நேத்தும் அதே கைதான் போட்டுருக்கு. நான் யோசிக்கவே இல்ல. நல்லது செய்யதா நெனச்சுத்தான் செய்தேன், ஆனா செய்தது நான்தான். நீ என்ன ஏசிக்கோ மக்கா.”

இனியா ஏசவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வேப்பம்புண்ணாக்கு இல்லாத மண் வேண்டும் என்றாள். அக்கா சட்டென்று எழுந்தார். முந்தானையைச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு விழுந்து கிடந்த மாமனார் தென்னைக்கு நடந்தார். மக்கிய அடிமரத்தை வெட்டிப் பிளந்தார். உள்ளே கறுப்பும் சிவப்புமாகத் தூள்தூளாக உதிர்ந்தது. கொம்பன் விரும்பிக் குடியிருக்கும் இடமே அதுதானாம். “இந்த மாசம் தீ வச்சுக் கொளுத்தணும்னு இருந்தேன்” என்றார்.

நானும் இனியாவும் உட்கார்ந்து அந்தத் தூளை உள்ளங்கையில் தேய்த்துக் கட்டி உடைத்தோம். எருவைக் கொட்டிவிட்டுப் பெட்டியில் புதுத் தூளை நிரப்பி, மூன்று புழுக்களையும் ஒவ்வொன்றாக அதில் வைத்தாள். இரண்டு தலையைச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்விட்டன. மூன்றாவது மேலேயே கிடந்தது. அவள் அதனிடம் ஜப்பானிய மொழியில் சொன்னது எனக்குக் கேட்டது. “பயப்படாதே. ஹரு வீட்டில் நாலு அண்ணன்கள் இருக்கிறார்கள். அவர்களும் இப்போது கூடு கட்டிக்கொண்டிருப்பார்கள். நீயும் கட்டு.”

என்னால் அதற்குமேல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. இந்த அம்மாள், தன் வீட்டுக்கு வந்து இரண்டே நாள் ஆன பிள்ளையிடம் தரையில் உட்கார்ந்து ஒப்புக்கொள்கிறார். நானோ அவளைப் பெற்ற அப்பன்.

“இனியா, அதுங்க ஹரு வீட்டுல இல்லம்மா” என்றேன். “நான் கொடுக்கவே இல்ல. கிளம்புற அவசரத்துல பூங்காவுல இலைக் குவியல்ல கொட்டிட்டேன். மெயில் எதுவும் வரல. நான் சொன்னதெல்லாம் பொய்.”

அக்கா மண்வெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இனியா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கட்டியை உடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ தூளாகிவிட்டிருந்தது. கண்ணிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. நான் தொடப் போனேன், தோளை நகர்த்திக்கொண்டாள். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

முகத்தை நிமிர்த்தாமலே, “இலை ஈரமா இருந்துச்சா, காய்ஞ்சிருந்துச்சா?” என்று கேட்டாள்.

“முந்தின நாள் மழை. ஈரமாத்தான் இருந்துச்சு.”

“குவியல் எவ்வளவு உயரம்?”

என் இடுப்பைக் காட்டினேன். யோசித்தாள். குளிர்காலத்தில் இலைக்குள் வெதுவெதுப்பாக இருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

“மேல இலை போட்டு மூடினீங்களா?”

மூடினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் முகம் அதைத்தான் கேட்டது. எனக்கும் அதைச் சொல்லத்தான் ஆசையாக இருந்தது.

“இல்ல” என்றேன். “கவிழ்த்துட்டு ஓடிவந்துட்டேன்.”

கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். உள்ளங்கையால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் மரத்தூள் ஒட்டிக்கொண்டது. பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

“இத நீங்க மூடுங்க” என்றாள். “மெதுவா.”

இரண்டு கையாலும் தூளை அள்ளி அந்த மூன்றாவது புழுவின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். முதலில் அதன் முதுகு மறைந்தது, பிறகு தலை. உள்ளங்கையை மேலே லேசாக வைத்தேன்.

“அசையுதா அப்பா?”

மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தேன்.

“தெரியலம்மா” என்றேன்.

அவள் நகர்ந்து வந்து, தன் கையையும் என் கை மேல் வைத்துக்கொண்டாள்.